கருவில் வைத்த குழாய் நகர்வது ஏன்?

வயிற்றிலுள்ள குழந்தையின் நெஞ்சுக்கூட்டில் நீர் கோத்தால் நுரையீரல் வளர இடமிருக்காது. சிறுநீர்ப்பாதை அடைபட்டால் சிறுநீரகம் கெடும். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் உண்டு: ஸ்கேன் பார்த்தபடியே குழந்தையின் மார்பிலோ சிறுநீர்ப்பையிலோ ஊசிவழி மெல்லிய குழாயைச் செருகி, நீரைப் பனிக்குடத்துக்கு வடியவிடுவது. சிறுநீர்ப்பாதை அடைப்புக்கு 1980களின் தொடக்கத்தில் சான்பிரான்சிஸ்கோவில் முயன்று பார்த்த முறை. இன்று சென்னை போன்ற பெருநகரங்களிலும் செய்கிறார்கள்.

குழாயின் இரு முனையும் பன்றிவால்போலச் சுருண்டிருக்கும், கழலாமலிருக்க. ஆனாலும் கழல்கிறது. குழந்தை வளர்கிறது, குழாய் வளர்வதில்லையே! புரளும்போது கை பட்டும் இழுபடலாம். வெளியே வந்தால் பனிக்குடத்தில் கிடக்கும். உள்ளே போனால் மேலே தோல் மூடிவிடும். பிறந்த பிறகு எக்ஸ்ரேயில் தேட வேண்டியதுதான். குழந்தையின் வயிற்றில் குழாய் போட்ட துளை வழியே குடல் பிதுங்கியதும் அரிதாக உண்டு.

எனக்கு விசித்திரமாகப் படுவது மார்புக்குழாயின் கதை. பிறக்கும்வரை நல்லதே செய்த அதன் வெளிமுனை, பிறந்த நொடியில் நீரை விட்டுக் காற்றுக்கு வந்துவிடுகிறது. முதல் மூச்சுக்கு மார்பு விரியும்போது குழாய்வழியும் காற்று புகுந்து, நுரையீரலைச் சுற்றித் தங்கி அதையே அமுக்கலாம். அதனால் குழந்தை வெளிவந்ததும் குழாயைக் கிளிப் போட்டு அடைக்க வேண்டும், அல்லது எடுத்துவிட வேண்டும்.

கல்வராயன் மலையில், கருவிலுள்ள குழந்தைக்கு இப்படிக் குழாய் வைத்த ஒரு தாய்க்கு முன்கூட்டியே வலி கண்டால் சென்னைவரை ஓட நேரமேது? கள்ளக்குறிச்சிக்கு இறங்கவே மலைப்பாதை. குழாய் இருப்பதும் எந்தப் பக்கம் என்பதும் அவர் கர்ப்பகால அட்டையின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தால், மலைமேலுள்ள வெள்ளிமலையில் பிரசவம் பார்க்கும் நர்ஸ் கிளிப்பை முன்பே எடுத்து வைத்துக்கொள்வார்.