தலைதான் பலம்... தலையாலேதான் ஆபத்து! சுத்தியல் தலை சுறாவைத் தெரியுமா?

வெள்ளகோவிலில் இருந்து கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் கடலைப் பார்க்க மணிக்கணக்கில் பஸ்ஸில் உட்கார வேண்டும். ஆனாலும் சுறா புட்டு நமக்குப் புதுசு இல்லை. குழந்தை பெற்ற பெண்ணுக்குப் பால் ஊறட்டும் என்று 'பால் சுறா' சமைத்துக் கொடுப்பதும் தமிழ்நாட்டில் பழைய வழக்கம்தான். ஆனால், துண்டு போட்டு ஐஸில் வைத்துவிட்டால் எல்லாச் சுறாவும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதில் அழிவின் விளிம்பில் நிற்கும் சுத்தியல் தலை சுறாவின் குட்டியும் இருக்கலாம்.

எதுக்கு இப்படி ஒரு தலை?

மீனவர்கள் இதைக் 'கொம்பன் சுறா' என்பார்கள். சுத்தியல் போன்ற தலை, அதன் இரண்டு முனையிலும் கண்கள். முன்னால் இருப்பது எப்படித் தெரியும் என்று நமக்குத் தோன்றும். ஆனால், மற்ற சுறாக்களைவிட இதற்கு முன்பக்கப் பார்வை நன்றாகவே இருப்பதை 2009-ல் வெளியான ஆய்வு காட்டியது.

தலைக்கு அடியில் நுண்துளைகள் உண்டு. இரையின் உடலில் எழும் மிக மெல்லிய மின்சாரத்தை அவை உணரும். மணலுக்குள் பதுங்கிய திருக்கையைக்கூட மெட்டல் டிடெக்டர் மாதிரி தேடிப் பிடித்துவிடும். பெரிய கொம்பன் அந்தத் திருக்கையைத் தலையாலேயே தரையில் அழுத்திக் கடிக்கும்!

இன்னொரு ஆச்சர்யம்... இரவில் 800 மீட்டருக்கும் கீழே, குளிர்ந்த நீருக்குள் இரை தேடிப் போகும்போது, உடல் சூடு குறையாமல் இருக்க இது செவுள்களை மூடி 'மூச்சை அடக்குகிறது'. ஹவாய் தீவில் நடந்த ஆய்வில் 2023-ல் தெரியவந்த விஷயம் இது.

வலையில் சிக்கும் குட்டிகள்

இது முட்டையிடாது, குட்டி போடும். குட்டிகள் வளர்வது கரையோர ஆழமில்லாத கடலில். இழுவலையும் செவுள்வலையும் அதிகம் விழுவதும் அங்கேதான். அகன்ற தலை வலையில் எளிதாக மாட்டிக்கொள்ளும். பிடிபட்ட பதற்றத்திலேயே பல இறந்துவிடுவதால், திரும்பக் கடலில் விட்டாலும் பிழைப்பது அரிது. பெண் சுறா பருவத்துக்கு வரவே பல வருடங்கள் ஆகும் என்பதால், இழப்பு சீக்கிரம் ஈடாகாது.

2019-ல் பெரிய கொம்பன் உட்பட இரண்டு இனங்களை ஐ.யு.சி.என். அமைப்பு 'மிக ஆபத்தான நிலை' பட்டியலில் சேர்த்தது. சுறாவின் துடுப்பை மட்டும் வெட்டிக்கொண்டு உடலைக் கடலில் வீசுவதை இந்தியா 2013-ல் தடுத்தது. 2015-ல் துடுப்பு ஏற்றுமதிக்கும் தடை வந்தது. ஆனால், வேறு மீனுக்கு விரித்த வலையில் மாட்டும் குட்டிகளை இந்தத் தடைகள் காப்பாற்றுவதில்லை.

நாம் என்ன செய்யலாம்?

சுறாவின் உடலில் பாதரசம் அதிகம் சேரும். அதனால் கர்ப்பிணிகளும் பாலூட்டும் அம்மாக்களும் சுறாவைத் தவிர்க்கச் சொல்கிறது அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம். பாதரசம் குறைவாக உள்ள மத்தி போன்ற சின்ன மீன்களை அவர்களுக்குக் கொடுக்கலாம்.

அடுத்த முறை மீன் கடையில் சுறாவை முழுசாகப் பார்த்தால், முதலில் தலையைக் கவனியுங்கள். இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தால் வாங்க வேண்டாம்!