மூன்று டிகிரிச் சரிவில் ஓர் ஓடுபாதை

புதிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிப் பொருத்திய பிறகும், மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் பெரிய நகரங்களுக்கு மேல் வந்தாலே படம் திக்குகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். எந்த செட்டிங்கைக் குறைப்பது என்று கேட்கிறார். எதில் கை வைப்பதற்கு முன்பும், எங்கே நெரிசல் என்று பார்த்துவிட வேண்டும்.

2020 ஆகஸ்டில் வெளியான அந்த சிமுலேட்டருக்குள்ளேயே அதற்கு வழி இருக்கிறது. டெவலப்பர் மோடைத் திறந்து எஃப்.பி.எஸ். காட்டியை இயக்கினால், தாமதம் கார்டாலா, பிராசசரின் மெயின் திரெட்டாலா என்று அதுவே சொல்லிவிடும். நகரத்துக்கு மேல் பெரும்பாலும் மெயின் திரெட்தான் மாட்டிக்கொள்ளும். விமானத்தின் இயக்கம், காக்பிட் கருவிகள், சுற்றிப் பறக்கும் விமானங்கள், கீழே விரியும் கட்டடங்கள் எல்லாவற்றையும் கோத்துக் கார்டிடம் ஒப்படைப்பது அதன் வேலை. அது திணறும்போது எவ்வளவு விலையுயர்ந்த கார்டும் கைகட்டிக் காத்திருக்கும். அப்போது குறைக்க வேண்டியவை டெரெய்ன் எல்.ஓ.டி., ஆப்ஜெக்ட் எல்.ஓ.டி., விமானப் போக்குவரத்து. கார்டே திணறுகிறது என்றால் மேகம், நிழல், ரெண்டர் ஸ்கேலிங் பக்கம் போகலாம்.

அடுத்து, ஃபிரேம் எண்ணிக்கைக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லி விநாடிக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. விநாடிக்கு 45 ஃபிரேம் வந்தால், ஒரு படம் ஒரு சுற்று நிற்கும், இன்னொன்று இரண்டு சுற்று நிற்கும். கண்ணுக்கு அது திக்கலாகப் படுகிறது. வி-சிங்க் போட்டு 30-இல் நிறுத்தினால் ஒவ்வொரு படமும் இரண்டு சுற்று நிற்கும், ஓட்டம் சீராகிவிடும். துப்பாக்கி விளையாட்டுக்கு 30 போதாது. தொடுவானம் நிதானமாக நகரும் பயணிகள் விமானத்துக்குத் தாராளம்.

இவை பலரும் சொல்பவைதான். நான் ஆசையோடு பேச வந்தது, செட்டிங் பட்டியலில் யாரும் அதிகம் கவனிக்காத அனிசோட்ரோபிக் ஃபில்டரிங் பற்றி.

தரை மீதும் சுவர் மீதும் போர்த்தும் டெக்ஸ்சரை கார்டு ஒரே அளவில் வைத்திருப்பதில்லை. பாதி, கால், அரைக்கால் என்று சிறிதாக்கிய நகல்களையும் அடுக்கி வைத்திருக்கும். கணினி வரைகலை ஆய்வாளர் லான்ஸ் வில்லியம்ஸ் 1983-இல் வெளியிட்ட உத்தி இது. அத்தனை நகல்களும் சேர்ந்து மூலப்படத்தில் மூன்றில் ஒரு பங்கு இடத்தைத்தான் கூடுதலாகக் கேட்கின்றன. தொலைவில் உள்ள பொருளுக்குச் சிறிய நகலை எடுத்தால் படம் மினுமினுக்காது. நேருக்கு நேர் பார்க்கும் சுவருக்கு இந்த ஏற்பாடு கச்சிதம். சாய்வாகப் பார்க்கும் தரையில்தான் சிக்கல்.

மின்வெட்டு இரவுகளில் எங்கள் வீட்டு ரேழியில் டார்ச் அடித்துப் போகும்போது கவனித்திருக்கிறேன். நேர் கீழே அடித்தால் தரையில் வட்டம். சாய்க்கச் சாய்க்க அது முட்டையாகி, ரேழி நெடுக நீளும். திரையின் ஒரு பிக்சல் தரையில் பதியும் தடமும் அப்படித்தான். விமானங்கள் வழக்கமாக இறங்கும் சரிவு 3 டிகிரி. அந்தச் சாய்வில் பார்த்தால் தடத்தின் நீளம் அகலத்தைப் போல் ஏறத்தாழ 19 மடங்கு. சாதாரண ஃபில்டர் அந்த நீளத்துக்கு ஏற்ப மிகச் சிறிய நகலை எடுத்துவிடுகிறது. அகலவாக்கில் இருக்க வேண்டிய கூர்மையும் அதோடு போய்விடும். 45 மீட்டர் அகல ஓடுபாதையின் தொடக்கத்தில் வரைந்திருக்கும் 12 வெள்ளைக் கோடுகள் ஒரே சாம்பல் பூச்சாகத் தெரியும்.

அனிசோட்ரோபிக் ஃபில்டரிங் தடத்தின் அகலத்துக்கு ஏற்ற கூர்மையான நகலைத் தேர்ந்து, நீளவாக்கில் பல இடங்களில் மாதிரி எடுத்துச் சராசரி காண்கிறது. 16எக்ஸ் என்பது அதன் உச்சம். மற்ற விளையாட்டுகளில் இது ஆடம்பரமாகத் தோன்றலாம். 19 மடங்கு நீளும் ஓடுபாதைக்கோ 16-கூடச் சற்றுக் குறைவுதான். 5.5 டிகிரி என்ற கூடுதல் சரிவில் இறங்க வேண்டிய லண்டன் சிட்டி விமான நிலையத்தில் தடம் 10 மடங்குக்குச் சற்று மேல். அங்கே 8எக்ஸ் பற்றாது.

இன்றைய கார்டுகளுக்கு 16எக்ஸ் பெரிய சுமையே இல்லை. இருந்தும், எங்கோ கண்ட பட்டியலை அப்படியே நகலெடுத்து இதை அணைத்துவிட்டு, எஃப்.பி.எஸ். கொஞ்சம் கூடியதாக மகிழ்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு வருத்தம் தருவது அதுதான். இறங்கும் விமானி ஓடுபாதையில் உள்ள இலக்குக் குறியைக் கண்ணாடியில் ஒரே இடத்தில் நிறுத்தப் பார்க்கிறார். குறி மேலேறினால் தாழ்ந்துவிட்டோம், கீழிறங்கினால் உயர்ந்துவிட்டோம் என்று பொருள். குறியே மங்கிக் கிடந்தால், வீட்டில் உட்கார்ந்து இறங்கிப் பழகும் மாணவர் எதைப் பார்த்துப் பழகுவார்?

படம் திக்கினால் கார்டை மாற்று என்பது இன்று பொதுப்புத்தியாகிவிட்டது. மாதக்கணக்கில் சேர்த்த பணம் போகிறது. நன்றாக ஓடிய கார்டு பரணுக்கோ குப்பைக்கோ போகிறது. மெயின் திரெட் மட்டும் பழையபடி திணறுகிறது. ஒரே விமான நிலையம், ஒரே வானிலை, ஒரே விமானம் வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றி இறங்கிப் பாருங்கள், கண்டதைக் குறித்துவையுங்கள். ஆய்வகத்தில் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் அதே ஒழுங்கு இது. அதற்குச் செலவிடும் ஒரு மாலைக்குப் பிறகும் கார்டுதான் குறை என்று தெரிந்தால், தயங்காமல் வாங்குங்கள்.