இணைப்பும் தொடர்பும்

விழுப்புரம் – திருச்சிராப்பள்ளி இருப்புப்பாதையோடு சேலம், கடலூர்ப் பாதைகளும் வந்து கூடும் இடம் விருத்தாசலம் சந்திப்பு. கடலூர் வண்டி தாமதமாக வந்து சேலம் வண்டியைத் தவறவிட்டவர், 'கனெக்ஷன் போய்விட்டது' என்பார். அருகிலுள்ள நல்லூரில் புதுவீடு கட்டியவர், 'கனெக்ஷன் இன்னும் வரவில்லை' என்பார்; அவர் கூறுவது மின்சாரத்தை. பேச்சில் இதனால் குழப்பம் இல்லை. இடமும் சூழலும் பொருளைக் காட்டிவிடும். எழுதும்போதுதான் இடர்ப்பாடு தோன்றுகிறது.

சேர்த்துக் கட்டுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது இந்த ஆங்கிலச் சொல். தமிழோ எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டுவதில்லை. 'இணை' என்பது இரண்டு பொருள்கள் ஒன்றோடொன்று பொருந்துவது. ஆகவே மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு, இணைப்பு வண்டி என்கிறோம். விண்ணப்பத்தின் அடியில் 'இணைப்பு: சான்றிதழ் நகல்' என்று எழுதுவதும் அதனால்தான். 'தொடர்' என்பது ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வது. தொடர்புக்குப் பொருத்துவாய் வேண்டியதில்லை. மழைக்கும் விளைச்சலுக்கும் தொடர்பு உண்டு, இணைப்பு இல்லை. 'திருட்டில் தொடர்புடையவர்' எனச் செய்தித்தாள் எழுதுமேயன்றி 'இணைப்புடையவர்' என எழுதாது.

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். வீட்டு மின்பலகையில் உருகுகம்பியைத் தாங்கும் கட்டையும் பீங்கானால் ஆனதே. பீங்கான் மின்சாரத்தைக் கடத்தாது; அதில் பூட்டிய மெல்லிய கம்பியே கடத்தும். அக்கம்பி உருகினால் வீடு இருளும். அப்போதும் 'கனெக்ஷன் போய்விட்டது' என்று சொல்லக் கேட்கலாம். ஆயினும் புகார் மனுவில் 'மின் இணைப்பு இல்லை' என்று எழுதினால், அவ்வீட்டுக்கு இணைப்பே வழங்கப்படவில்லை என்று பொருளாகும். 'துண்டிக்கப்பட்டது' என்றால் கட்டணம் செலுத்தாத வீடோ என்று படிப்பவர் ஐயுறுவார். 'மின்சாரம் தடைப்பட்டுள்ளது' என்பதே உண்மை நிலையை உரைக்கும். ஒரு சொல் பிசகினால் மனு வேறு மேசைக்குப் போய்விடக்கூடும்.

வேதியியலில் அணுக்களுக்கு இடையே உள்ளது பிணைப்பு. குடும்பத்தில் அது உறவு. பெண் கொடுத்து, பெண் எடுப்பதில் சம்பந்தம். 'மேலிடத்தில் அவருக்குக் கனெக்ஷன் உண்டு' என்பதைத் 'தொடர்பு உண்டு' என்று எழுதினால் பாதிப் பொருளே தேறும். வெறும் அறிமுகமும் தொடர்புதான். காரியத்தை முடித்துத்தரும் வலிமையைக் குறிக்கச் 'செல்வாக்கு' என்னும் சொல் இருக்கிறது.