சேவையை வடிவமைத்தல்

அரை நூற்றாண்டுக்கு முன்பு, இராதாபுரத்தை அடுத்த தேரிக்காட்டில் பனையேறிப் பிழைத்த முதியவர் ஒருவருக்குக் கண்புரை முற்றிவிட்டதென வைத்துக்கொள்வோம். திருநெல்வேலியிலே வைத்தியர் உளர், சிகிச்சையும் இலவசம். எனினும் அவர் சென்றிலர். வள்ளியூரில் வண்டி மாறவேண்டும். கைபிடித்துச் செல்லும் மகன் கூலியை இழக்கவேண்டும். வழிச்செலவுக்கும் சோற்றுக்கும் பணம் வேண்டும். வைத்தியரின் திறமையில் யாதொரு குறையுமில்லை. அவரிடம் போய்ச் சேரும் வழியைத்தான் ஒருவரும் அமைத்திலர். அவ்வழியையும் உட்படுத்தி ஆராய்ந்து அமைப்பதே சேவை வடிவமைப்பு எனப்படுவது.

இப்பெயர் புதிது. அமெரிக்காவில் வங்கி அலுவலிலிருந்த லின் ஷோஸ்டாக் அம்மையார் 1982-லும் 1984-லும் எழுதிய கட்டுரைகளில், கட்டடத்திற்குப் போலவே சேவைக்கும் வரைபடம் வேண்டுமென வற்புறுத்தினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் தெருமுனையில் பாதரட்சைக்கு மெருகிடும் தொழில்! நகைப்பூட்டினும் உதாரணம் நன்றே. வாடிக்கைக்காரர் காண்பவை இவை, காணாதவை இவை, பிழை நேரக்கூடிய இடம் இஃது என அதில் பிரித்துக் காட்டினார். 1991-ல் ஜெர்மனியின் கொலோன் நகரில் இது கல்லூரிப் பாடமாயிற்று.

ஆயினும் பெயர் பிறக்குமுன்னரே செயல் நம் பக்கத்தில் நிகழ்ந்தது. எட்டையபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, மதுரை அமெரிக்கன் கல்லூரி மாணவர். முடக்குவாதத்தால் விரல்கள் கோணியும் கண்வைத்தியம் கற்றுத் தேர்ந்தவர். உத்தியோகத்தினின்று ஓய்வுபெற்றபின், 1976-ல் மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

கிராம முகாம்களில் பரிசோதித்து, சத்திர சிகிச்சைக்கு வருமாறு சொல்லியனுப்பினால் பலர் வந்திலர். காரணம் விசாரித்தபோது, மேற்சொன்ன வண்டியும் சோறும் துணையுமே தடையெனத் தெரிந்தது. ஆகவே முகாமிலிருந்தே பேருந்தில் அழைத்துச்சென்று, உணவளித்து, மீளவும் கொண்டுவந்து விட்டனர். ஓரூரார் ஒருங்கே சென்றமையால் அச்சமும் தணிந்தது. மருத்துவமனைக்குள்ளோ, ஒரு மேசையில் சிகிச்சை நடக்கையில் அடுத்த மேசையில் மற்றொருவரை ஆயத்தஞ் செய்வர். வைத்தியர் திரும்பினாற் போதும். ஆயத்தப் பணிகளைச் செய்வோர் கிராமத்திலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண்கள். பணங்கொடுப்போர் தந்த தொகையால் ஏழைகளின் சிகிச்சை நடந்தது. 1988-ல் திருநெல்வேலியிலும் கிளை எழுந்தது.

இத்தனைக்கும் பிறகும் ஒரு குறை நின்றது. 1999-ல் வெளியான ஆராய்ச்சியொன்று, கண்குறையுள்ளோரில் நூற்றுக்குச் சுமார் 7 பேரே முகாமுக்கு வந்தனரெனக் காட்டிற்று. முகாம் ஒருநாள் வரும், போய்விடும்; அன்று வேலையுள்ளவர் என்செய்வார்? ஆதலின் பின்னர்ச் சிற்றூர்களில் நிலையான பார்வை மையங்கள் திறக்கப்பட்டன. அங்குப் பயிற்சி பெற்ற பெண் பரிசோதிக்க, தொலைவிலுள்ள வைத்தியர் திரையின் வாயிலாக நோயாளியோடு பேசுகிறார்.