குழி நிறையவில்லை என்றால் கழிவு எங்கே போகிறது?

"வீடு கட்டி இருபது வருஷம், இன்னும் ஒரு தடவையும் பவுசர் கூப்பிட்டதில்லை" என்று பெருமையாகச் சொல்பவர்கள் எமது ஊர்களில் நிறையப் பேர். மலசலகூடக் குழி நன்றாக வேலை செய்கிறது என்பது அவர்களது கணக்கு. ஐந்து பேர் இருபது வருடம் பாவித்த குழி நிறையவில்லை என்றால் அதில் போட்டது வேறெங்கோ போயிருக்க வேண்டும். மணல் பூமியில் அது போகும் இடம் நிலத்தடி நீர்தான்.

கிழக்குக் கரையோரத்தில் பல வீடுகளில் கொங்கிறீட் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியை மணலாகவே விட்டுவிடுகிறார்கள். முறையான கழிவுத்தொட்டி அப்படியிருக்காது. அடியும் பக்கமும் நீர் கசியாதபடி பூசப்பட்டிருக்கும். திண்மம் அடியில் படியும், எண்ணெய்ப் படை மேலே மிதக்கும், நடுவிலுள்ள நீர் மட்டும் ஊறுகுழிக்குப் போகும். அடியில் சேரும் சேற்றை மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எடுத்தாக வேண்டும். இதற்கென இலங்கைத் தர நிர்ணயமே இருக்கிறது, எஸ்எல்எஸ் 745. மேசன்மாரில் எத்தனை பேர் அதைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள் என்பது வேறு விடயம்.

காத்தான்குடியை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, ஏழு சதுர கிலோமீற்றருக்கும் குறைந்த நிலத்தில் சுமார் நாற்பதாயிரம் பேர். மாரி காலத்தில் நிலத்தடி நீர் மேலெழும்போது அடியில்லாத குழி அந்த நீருக்குள்ளேயே நிற்கும். கிணற்றுக்கும் குழிக்கும் ஐம்பது அடி இடைவெளி வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்வார். எட்டு, பத்து பேர்ச்சஸ் காணியில் எமது குழிக்கும் எமது கிணற்றுக்கும் அந்தத் தூரத்தைக் கண்டுபிடித்தாலும், மதிலுக்கு அப்பால் அடுத்த வீட்டார் எங்கே குழி வெட்டியிருக்கிறார் என்பதை யார் அளப்பது?

கிருமிகளைக் கொதிக்க வைத்தும் குளோரின் போட்டும் கொல்லலாம். மலசலக் கழிவிலிருந்து வரும் நைத்திரேற்றுக்கு இரண்டும் பலிக்காது. கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகி அதன் செறிவு கூடத்தான் செய்யும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. அதைத் தாண்டிய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் சுமக்கும் திறனை இழக்கலாம்.

உன்னிச்சைக் குளத்து நீர் குழாயில் வந்த பிறகு கிணற்றைப் பற்றிய கவலை குறைந்துவிட்டது. ஆனால் குழாயில் நீர் தாராளமாக வந்தால் வெளியேறும் கழிவு நீரும் அதே அளவு கூடும். அது விழுவது அதே குழியில்தான்.

தேர்தல் மேடைகளில் இதற்குச் சொல்லப்படும் பதில், நிலக்கீழ்க் கழிவுநீர்க் குழாய்த் திட்டம். கேட்க நன்றாக இருக்கும். கொழும்பு, கண்டி, குருநாகல், இரத்மலானை போன்ற சில இடங்களில் இருக்கிறது. புதியவை பெரும்பாலும் வெளிநாட்டுக் கடனிலும் உதவியிலும் கட்டப்பட்டவை. சமதரையான மணல் ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. கழிவு தானாக ஓட, குழாய்க்குச் சாய்வு வேண்டும். 150 மீற்றருக்கு ஒரு மீற்றர் என்று வைத்தாலும் ஒரு கிலோமீற்றர் முடிவில் குழாய் ஆறு மீற்றருக்குக் கீழே போய்விடும். அங்கே தோண்டினால் நீர் ஊறும். ஆகவே இடைக்கிடை பம்பி நிலையங்கள், அவற்றுக்கு மின்சாரம், மின்சாரத்துக்கு மாதாமாதம் பில்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாற்பதாயிரம் பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லீற்றர் கழிவுநீர் என்றால் குழாய்த் திட்டம் தினமும் 40 இலட்சம் லீற்றரைச் சுத்திகரிக்க வேண்டும். இதற்குப் பதிலாக, 9,000 வீடுகளின் தொட்டிகளையும் நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஒழுங்காக எடுப்பதாக வைப்போம். வருடத்துக்கு 2,250 தொட்டி. 250 வேலை நாட்களில் நாளொன்றுக்கு ஒன்பது. தொட்டிக்கு 4,000 லீற்றர் என்றால் 36,000 லீற்றர். நூறில் ஒரு பங்கும் இல்லை. இந்த அளவை மணற்படுக்கையில் உலர்த்தி, வடியும் நீரைத் தடாகங்களில் சுத்திகரிக்கலாம். பாரிய இயந்திரம் தேவையில்லை. தொட்டியிலிருந்து ஊறும் நீரின் நைத்திரேற்று இதனால் முழுதாகத் தீராது என்பதும் உண்மையே. ஆனால் வரப்போகும் குழாய்த் திட்டத்துக்காக இன்னுமொரு இருபது வருடம் காத்திருப்பதை விட இது எவ்வளவோ மேல்.

இது நடக்க வேண்டுமானால் பவுசர் அழைத்தால் வருவது என்ற முறை மாற வேண்டும். குழி பொங்கி முற்றத்தில் வழிந்த பிறகுதான் நாம் அழைக்கிறோம். வீதி வீதியாக அட்டவணை போட்டு, கட்டணத்தைச் சோலைவரியோடு சிறிது சிறிதாக அறவிட்டால் ஏழை வீட்டுக்கும் தாங்கும். ஒழுங்கைக்குள் நுழையச் சிறிய பவுசர் வேண்டும். அடியில்லாத குழியோடு கட்டிய புதிய வீட்டுக்கு, குடிபுகும் சான்றிதழ் கொடுக்கக் கூடாது. இவையெல்லாம் உள்ளூராட்சி சபையின் கையில் உள்ளவை, கொழும்பு தேவையில்லை.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சில இடங்களில் வுழூச் செய்யும் நீரையும் மலசலகூடத் தொட்டிக்கே திருப்பி விட்டிருக்கிறார்கள். ஜும்ஆ நாளில் நூற்றுக்கணக்கானோர் வுழூச் செய்த நீர் ஒரேயடியாகத் தொட்டிக்குள் பாய்ந்தால் படிந்த சேறு கலங்கி அப்படியே வெளியே தள்ளப்படும். அந்த நீர் அவ்வளவு அழுக்கானதல்ல. தனிக் குழாயில் எடுத்து மரங்களுக்கு விடலாம்.

சுத்திகரித்த கழிவுநீரைத் தொடலாமா என்ற தயக்கம் எம்மவரிடம் உண்டு. நிறம், சுவை, மணம் மூன்றும் நீங்கி நீர் தன் இயல்புக்குத் திரும்பினால் அது தூய்மையானதே என்று சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் சபை 1978இலேயே தீர்ப்பளித்துள்ளது. தென்னைக்கு விடுவதில் என்ன தடை?

மிகக் கடினமான பகுதி காணி. இவ்வளவு நெருக்கமான ஊரில் சுத்திகரிப்பு நிலையத்துக்கு இடம் தேடுவது இலேசல்ல. வடக்கே மட்டக்களப்பு மாநகர சபை, தெற்கே மண்முனைப்பற்றுப் பிரதேச சபை. அவர்களோடு உட்கார்ந்து பேசிப் பொதுவான ஒரு நிலையத்தை அமைப்பதே வழி. எமது கழிவை ஏன் அவர்கள் ஏற்க வேண்டும் என்று அங்கும் கேட்பார்கள், நியாயமான கேள்வி. ஆனால் களப்பு மூவருக்கும் ஒன்றுதான், அதில் பிடிபடும் மீனும் இறாலும் மூன்று சந்தைக்கும் வருகின்றன. 2025 மே தேர்தலில் வந்த உறுப்பினர்கள் வீட்டுக்கு வந்தால் வடிகானைப் பற்றியும் வீதி விளக்கைப் பற்றியும் கேட்கிறோம். எமது ஊர்ப் பவுசர் எங்கே கொட்டுகிறது என்பதையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.