கூழாங்கல்லில் பதிந்த வானம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் புகைபோக்கிகளை விட்டுத் தென்மேற்கே வந்தால், பூண்டி ஏரியைச் சுற்றி விரிகிறது கொசஸ்தலை ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஆண்டில் பெரும்பாலும் மணலாகக் கிடக்கும் ஆறு. வயல்களுக்குப் பின்னால் களாவும் காரையும் மண்டிய அல்லிக்குழிக் குன்றுகள். சென்னையிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர்தான். ஆனாலும் இங்கே காற்றின் ஓசை தனியாகக் கேட்கிறது.

காட்டுக்குள் நடந்து கூடியம் குகையை அடைகிறவர் முதலில் பார்ப்பது சுவரைத்தான். அது முழுக்க உருண்டைக் கூழாங்கற்கள். ஒரு காலத்தில் கடலோர மணலாக இருந்து, பூமியின் அழுத்தத்திலும் வெப்பத்திலும் இறுகி, குவார்ட்சைட் பாறையானவை. ஏதோ பழைய ஆறுகள் அந்தப் பாறையை உடைத்து, உருட்டி, வழவழப்பாக்கி, டைனோசர்கள் உலவிய காலத்தில் இங்கே கொண்டுவந்து குவித்தன. குவியலும் பாறையாக இறுகியது. அந்தப் பாறையை இப்போது மழை அரிக்கிறது. கழன்ற கற்கள் மறுபடி ஆற்றுக்கே போகின்றன. எதையும் வீணாக்காத படைப்பு இது!

1863இல் புவியியலாளர்கள் ராபர்ட் புரூஸ் ஃபுட்டும் வில்லியம் கிங்கும் அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் இத்தகைய கல்லில் செதுக்கிய கருவிகளைக் கண்டெடுத்தார்கள். அவற்றின் வயதை அறிய உலகம் ஒன்றரை நூற்றாண்டு காத்திருந்தது. தொல்லியலாளர் சாந்தி பப்பு 1999இல் அங்கே அகழாய்வைத் தொடங்கினார். வயதைச் சொன்னது அந்தக் கல்லேதான்.

விண்வெளியிலிருந்து ஓயாமல் பொழியும் காஸ்மிக் கதிர்கள், வெட்டவெளியில் கிடக்கும் கல்லின் குவார்ட்ஸில் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற அணுக்களை உண்டாக்குகின்றன. கல் ஆழமாகப் புதைந்ததும் அந்தப் பொழிவு நின்றுவிடும். சேர்ந்தவை சிதையத் தொடங்கும்: அலுமினியம் ஏறத்தாழ 7 லட்சம் ஆண்டுகளில் பாதியாகும், பெரிலியம் பாதியாக 14 லட்சம் ஆண்டுகள். ஒன்றாக ஏற்றிய இரு விளக்குகளில் எண்ணெய் வெவ்வேறு வேகத்தில் வற்றுவதுபோல. மிச்சத்தை ஒப்பிட்டால், கல் எப்போது வானத்தைக் கடைசியாகப் பார்த்தது என்று தெரிந்துவிடும். சாந்தி பப்புவின் குழு பிரெஞ்சு ஆய்வாளர்களுடன் சேர்ந்து இப்படி அளந்தபோது கிடைத்த சராசரி வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள். எப்படிக் குறைத்தாலும் 10 லட்சத்துக்கு மேல். 2011இல் அந்த முடிவு வெளியானது. காலடியில் இடறும் கல்லுக்குள் இப்படி ஒரு கணக்கை எழுதி வைத்த படைப்பை எண்ணும்போது கைகள் தாமாகக் குவிகின்றன.

கணக்கு மட்டுமா? அந்தக் கருவிகளைச் செய்தவர்கள் நம் இனத்துக்கும் முந்திய மனிதர்கள். கைக்கோடரிக்கான பெரிய சில்லுகளை வேறிடத்தில் பெயர்த்து, களிமண் படுகையாக இருந்த அத்திரம்பாக்கத்துக்குச் சுமந்து வந்திருக்கிறார்கள். தேவை வரும் முன்பே அதை நினைத்துப் பார்க்கும் மனம் அன்றே மலர்ந்திருக்கிறது. சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன் பெரிய கைக்கோடரிகள் அருகி, முன்கூட்டியே வடிவம் திட்டமிட்டுப் பெயர்த்த சிறு கருவிகள் பெருகின. 2018இல் வெளியான ஆய்வு இதைச் சொல்கிறது.

பூண்டியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப் போங்கள். கைக்கோடரியின் இரு விளிம்பும் எப்படி ஒன்றுக்கொன்று இசைந்து கூர்முனையில் சேர்கின்றன என்று காட்டுங்கள். வெட்டுவதற்கு அவ்வளவு ஒழுங்கு வேண்டியதில்லை; செய்தவருக்கு அது வேண்டியிருந்தது.