கைப்பேசி உங்களை அழைக்கிறதா, நீங்கள் அதை அழைக்கிறீர்களா?

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் ஏரியையும் குறிஞ்சியாண்டவர் கோயிலையும் பார்க்காமல் திரும்புவதில்லை. ஆனால் அந்த ஊரின் உயரமான பகுதியில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,340 மீட்டரில், ஒரு சூரிய ஆய்வுக்கூடம் இருப்பது பலருக்குத் தெரியாது. பழனி மலையின் அந்த உச்சியில் 1901 முதல் சூரியனை ஆராய்ந்து வருகிறார்கள். வானம் தெளிவாக இருந்த நாட்களில் சூரியனைப் படம் எடுத்து, தேதி குறித்து, பத்திரப்படுத்தி வைத்தார்கள். 1904 முதல் எடுத்த படங்கள் இன்றும் இருக்கின்றன.

இதற்கும் உங்கள் வீட்டுக் கைப்பேசிக்கும் என்ன தொடர்பு? சொல்கிறோம். முதலில் ஒரு சிறிய சோதனை.

கைப்பேசியில் உள்ள நிறுத்துக் கடிகாரத்தை ஓடவிட்டு, 1 முதல் 12 வரை வாய்விட்டு எண்ணுங்கள். தொடர்ந்து அ முதல் ஔ வரை சொல்லுங்கள். எத்தனை நொடி ஆயிற்று? இப்போது இரண்டையும் கலந்து, 1–அ, 2–ஆ, 3–இ என்று சொல்லுங்கள். சொன்னவை அதே 24 தான். ஆனால் நேரம் கூடுகிறது. நடுவில் தடுமாற்றமும் வருகிறது அல்லவா? நம் மூளை ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் ஒவ்வொரு முறையும் சிறிது நேரத்தையும் கவனத்தையும் இழக்கிறது. கணக்குப் போடும்போது கைப்பேசி 'டிங்' என்றால் நடப்பதும் இதுவே.

சரி, ஒலி கேட்டதும் ஏன் கை தானாக நீள்கிறது? அமெரிக்க உளவியல் அறிஞர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துப் பல சோதனைகள் செய்தார். பொத்தானைக் கொத்தினால் தானியம் கிடைக்கும். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒருமுறை தானியம் வந்தபோது, தின்றபின் புறா சற்று ஓய்வெடுத்தது. எப்போது வரும் என்று தெரியாதபடி செய்தபோதோ, ஓயாமல் கொத்தியது! கைப்பேசியில் வரும் செய்தியும் அப்படித்தான். ஒருமுறை நண்பன் அனுப்பிய படம். அடுத்த முறை ஒன்றுமில்லை. அதற்கடுத்து ஏதோ விளம்பரம். எது வரும் என்று தெரியாததால்தான் மீண்டும் மீண்டும் திறந்து பார்க்கிறோம்.

ஆகவே கைப்பேசியைத் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டாம். எப்போது, எதற்காகப் பார்ப்பது என்பதை நாம் முடிவு செய்தால் போதும். கொடைக்கானல் ஆய்வுக்கூடம் நமக்குக் காட்டும் வழி இதுதான். பார்க்க வேண்டிய பொருள் ஒன்று. பார்த்ததைத் தேதியுடன் குறிப்பது வழக்கம். இப்படிப் பொறுமையாகப் பார்த்ததால் என்ன கிடைத்தது? 1909 ஜனவரியில், ஜான் எவர்ஷெட் அங்கே சூரியப் புள்ளிகளின் நிறமாலையை ஆராய்ந்தார். அதிலுள்ள கோடுகள் சற்றே இடம் பெயர்ந்திருந்தன. புள்ளியின் நடுவிலிருந்து வாயுக்கள் வெளிநோக்கி ஓடுகின்றன என்று அதிலிருந்து கண்டறிந்தார். இன்றும் இதற்கு 'எவர்ஷெட் விளைவு' என்றே பெயர்.

இதே பழக்கத்துக்கு உதவும் செயலிகளும் உண்டு. 'இ-பேர்ட்' செயலியில், பத்து நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்த பறவைகளைப் பட்டியலிடலாம். 'மெர்லின்' செயலி பறவையின் குரலைக் கேட்டு, அது எதுவாக இருக்கலாம் என்று சொல்லும். 'ஐ-நேச்சுரலிஸ்ட்' செயலியில் ஒரு பூவையோ பூச்சியையோ படமெடுத்து இட்டால், மற்றவர்கள் பெயரை உறுதிசெய்ய உதவுவார்கள். பழனி மலைச் சோலைக்காடுகளில் வாழும் சிரிப்பான் பறவையானாலும், உங்கள் தெருவின் மைனாவானாலும் பதிவு பதிவுதான். பெரியவர்களின் அனுமதியுடன் இவற்றைப் பயன்படுத்துங்கள். வீட்டின் சரியான இடத்தை மட்டும் வெளியிட வேண்டாம்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. நல்ல பழக்கத்துக்கென வந்த சில செயலிகளும், 'தொடர்ந்து 20 நாட்கள்!' என்று கணக்குக் காட்டி நம்மை இழுக்கின்றன. ஒரு நாள் தவறினால் கணக்குப் பூஜ்யத்துக்குப் போய்விடும். நமக்கும் சோர்வு வந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் என்ன செய்வார்கள்? மழைமேகம் மூடிய நாளில் படம் இருக்காது. அந்த இடம் வெற்றிடமாகவே இருக்கும். மறுநாள் வானம் தெளிந்தால் வேலை தொடரும். இடைவெளிகள் இருந்தும், சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியப் புள்ளிகள் பெருகிக் குறைவதை அந்தப் படங்களில் காணலாம். விட்டுப்போன நாள் குற்றமல்ல. இல்லாததை இருந்ததாக எழுதுவதுதான் குற்றம்.

இனி நீங்களே ஆராய்ச்சி செய்யுங்கள். ஒரு குறிப்பேட்டில் இரண்டு கட்டம் போடுங்கள். முதல் கட்டத்துக்கு 'நான் எடுத்தேன்', இரண்டாவதற்கு 'அது அழைத்தது' என்று பெயரிடுங்கள். மூன்று நாட்கள், கைப்பேசியைத் தொடும் ஒவ்வொரு முறையும் பொருத்தமான கட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். எதற்காக என்பதையும் ஒரே சொல்லில் எழுதுங்கள். அடுத்த மூன்று நாட்கள், தொலைபேசி அழைப்பைத் தவிர மற்ற அறிவிப்பு ஒலிகளை நிறுத்திவிடுங்கள். மாலையில் ஒரு நேரத்தைக் குறித்து, அலாரம் வைத்து, பத்து நிமிடம் ஒரு மரத்தையோ பறவைகளையோ பார்த்துப் பதிவு செய்யுங்கள். கோடுகளையும் தொடர்ந்து போட்டு வாருங்கள். ஏழாம் நாள் இரண்டு பகுதிகளையும் ஒப்பிடுங்கள்.

எந்தக் கட்டம் குறைந்தது? வகுப்பில் நண்பர்களின் குறிப்பேட்டுடன் சேர்த்துப் பாருங்கள். எல்லாருக்கும் ஒரே விடை வராது. அப்படியே ஒரு மரத்தைத் தொடர்ந்து குறித்து வந்தால் பின்னால் பயன்படும். பழனி மலையில் நீலக்குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் பூத்தது. 12 ஆண்டுக் கணக்குப்படி அடுத்த முறை 2030. அதற்குள் பார்த்துக் குறிக்கும் பழக்கம் கைவந்திருந்தால், அந்தப் பூவைப் படமெடுப்பதோடு நிற்காமல் உண்மையாகவே பார்க்கவும் செய்வீர்கள்.